காக்கும் சப்பாத்தும் உந்தும் சப்பாத்தும்

தைப்பொங்கல் கழிந்ததும் எமது குடாநாட்டுப் பாடசாலைகளில் ஒரு புதிய சுறுசுறுப்புத் தோன்றிவிடும். மைதானத்துப் புல் செதுக்கப்பட்டுச் சுண்ணாம்பினால் ஓடுபாதைக் கோடுகள் இடப்படும். இல்லங்களுக்குரிய வர்ணக் கொடிகள் பெட்டிகளிலிருந்து வெளிவரும். விடிந்தும் விடியாத வேளையில், பனிமூட்டத்தினூடே, ஒழுங்கைகளிலும் பெருவீதிகளிலும் பிள்ளைகள் மரதன் ஓட்டத்திற்குப் பழகிச் செல்வதைக் காணலாம். அவர்களைக் கண்டு நாய்கள் குரைப்பதும், படலையைத் திறந்து பெரியவர்கள் எட்டிப் பார்ப்பதும் ஆண்டுதோறும் நிகழும் காட்சிகளே.

அத்தகைய ஒரு காலையிலே நம் அயல் வீட்டு மாணவன் ஒருவன், வயது பதினைந்து இருக்கும், தன் பழைய சப்பாத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நம்மிடம் வந்து நின்றான். பெருவிரல் இருந்த இடத்தில் ஓட்டை. குதிக்காலின் வெளிப்புறம் தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. மற்றக் கையில் தொலைபேசி. அதிலே இரண்டு படங்கள்.

“ஐயா, ரொறன்ரோ மாமா சப்பாத்து வாங்கி அனுப்பிறாராம். இந்த இரண்டிலே எது வேணுமெண்டு கேட்கிறார். ஒண்டு ஒவ்வொரு நாளும் போட்டு ஓடுறது. மற்றது வேகத்துக்கெண்டு செய்ததாம். எதைச் சொல்லட்டும்?”

பின்னால் வந்த அவனுடைய அம்மம்மா படத்தை உற்றுப் பார்த்தார். வேகச் சப்பாத்தின் அடி படகைப் போல முன்னும் பின்னும் வளைந்து தடித்திருந்தது. “உதைப் போட்டால் சப்பாத்துத் தானாய் ஓடுமோ, இல்லாட்டிப் பெடியன்தான் ஓடவேணுமோ?” என்று கேட்டார்.

அம்மையார் விளையாட்டாகக் கேட்ட அக்கேள்வியைத்தான் உலக மெய்வல்லுநர் சம்மேளனமும் சில ஆண்டுகளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அவர் அறியார். பையனுக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டோம். அந்த இரண்டு நாளிலும் நாம் படித்தறிந்தவற்றையும், முன்னரே நமக்குத் தெரிந்தவற்றையும் வாசகர் முன் வைக்கின்றோம். வெளிநாட்டு உறவினரிடமிருந்து இதே கேள்வி வேறு பல வீடுகளுக்கும் வந்திருக்கக் கூடுமன்றோ?

சொல்லிலிருந்தே தொடங்குவோம். நம் முன்னோர் காலணியைப் ‘பாதரட்சை’ என்றனர். பாதத்தை ரட்சிப்பது, அஃதாவது காப்பது, என்பது பொருள். முள்ளினின்றும் கல்லினின்றும் வெயிலினின்றும் காத்தலே அதன் தொழில் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ‘சப்பாத்து’ என்பதோ போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொல். கதிரையையும் அலுமாரியையும் போலவே அதுவும் கப்பலேறி வந்து, யாழ்ப்பாணத்துத் தமிழில் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் பெயர் மாறியபோதும் தொழில் மாறவில்லை. காலைக் காப்பதற்கே சப்பாத்து என்றுதான் அண்மைக் காலம் வரை உலகம் எண்ணியிருந்தது. காப்பதோடு நில்லாமல் ஓடுபவனை முன்னே உந்தவும் வேண்டும் என்ற எண்ணம் ஓங்கியபோதுதான், பையனுடைய தொலைபேசியில் ஒரு படத்திற்குப் பதிலாக இரண்டு படங்கள் வந்து சேர்ந்தன.

ஓட்டச் சப்பாத்தில் மூன்று பகுதிகள் உள. காலைப் போர்த்தும் மேற்றுணி ஒன்று. நிலத்தைத் தொடும் இறப்பர் அடி ஒன்று. இவ்விரண்டிற்கும் நடுவே மெத்தை போல அமைந்த நுரைப் பகுதி ஒன்று. வேறுபாடெல்லாம் இந்த நடுப்பகுதியிலேதான் இருக்கிறது. தினப் பயிற்சிச் சப்பாத்துகள் பலவற்றில் ஈ.வீ.ஏ. என்னும் நுரையோ அதனை ஒட்டிய வேறொரு கலவையோ இடப்படுகிறது. இது 1970களின் நடுவிலிருந்தே ஓட்டச் சப்பாத்துகளில் வழங்கி வருவது; விலை மலிவு, உழைப்பும் நன்று. வேகச் சப்பாத்துகளில் பீபா முதலிய புதிய நுரைகள் இடப்படுகின்றன. இவை எடை குறைந்தவை. அமுக்கினால் அமுங்கி, விட்டவுடன் அமுக்கிய விசையிற் பெரும் பங்கைத் திருப்பித் தருபவை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்தபோது, ஈ.வீ.ஏ. நுரை கொண்ட ஒரு போட்டிச் சப்பாத்து தான் வாங்கிய சக்தியில் நூற்றுக்கு 65.5 பங்கையும், புதிய நுரை கொண்ட மற்றொன்று நூற்றுக்கு 87 பங்கையும் மீட்டுத் தந்தன. சில வகைகளில் நுரையின் நடுவே காபன் நாரினாலோ நைலோனினாலோ ஆகிய வளைந்த தகடொன்றும் பொதிந்திருக்கும்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். கடைகளிலும் விளம்பரங்களிலும் மூன்று வகைகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. நாள்தோறும் ஓடுவதற்குரியது முதல் வகை; ஒன்றின் எடை பெரும்பாலும் 250 கிராமுக்கும் 300 கிராமுக்கும் இடையில் இருக்கும். போட்டி நாளில் மட்டும் அணிவதற்குரியது மூன்றாம் வகை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே பையன் ஆசைப்பட்ட வேகப் பயிற்சிச் சப்பாத்து. போட்டிச் சப்பாத்தின் துள்ளலில் ஒரு பங்கும், தினச் சப்பாத்தின் உழைப்பில் ஒரு பங்கும் சேர்ந்து பிறந்த பிள்ளை அது. இரண்டு குணமும் முழுமையாக அதனிடம் இரா.

இந்தத் துள்ளும் சப்பாத்துகள் உலகைக் கலக்கிய கதை சுவையானது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தாலியின் மொன்சா மோட்டார்ப் பந்தயத் திடலில், கென்ய வீரர் எலியுட் கிப்சோகே நைக்கி நிறுவனத்தின் புதிய சப்பாத்தை அணிந்து, மரதன் தூரத்தை 2 மணி 25 விநாடியில் ஓடினார். 2019 ஒக்டோபரில் ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி, மனிதனால் இயலாது எனக் கருதப்பட்ட இரண்டு மணி எல்லையைக் கடந்தார். மாறி மாறி வழித்துணைவர் உடன் ஓடியமையால் அது உலக சாதனையாகப் பதிவாகவில்லை. ஆயினும் உலகமே அவர் காலை உற்று நோக்கியது. வென்றது காலோ, காலணியோ என்ற வழக்கு எழுந்தது. 2020 ஜனவரி இறுதியில் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் விதி வகுத்தது: வீதியோட்டச் சப்பாத்தின் அடித்தடிப்பு 40 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது, விறைப்பான தகடு ஒன்றுக்கு மேல் இருத்தலாகாது. 2023 செப்டெம்பரில் பேர்லினில் எதியோப்பிய வீராங்கனை திகிஸ்ட் அசெபா 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் மரதன் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனையை நிலைநாட்டியபோது அவர் காலிலிருந்த அடிடாஸ் சப்பாத்தின் எடை 138 கிராம்; விலை 500 அமெரிக்க டொலர். அது ஏறத்தாழ ஒரேயொரு மரதன் ஓட்டத்திற்கென்றே செய்யப்பட்டது என அதனை ஆக்கியவர்களே அறிவித்தனர். ஒரு நாள் அணிந்து கழற்றி வைப்பதற்கு மணவறைப் பட்டுக்கூட அவ்வளவு மெல்லியதாக நெய்யப்படுவதில்லை!

இவ்வழக்குப் புதியதன்று என்பதை நம் குடாநாட்டார் சிறப்பாக அறிந்திருத்தல் தகும். 1957ஆம் ஆண்டில் சோவியத் வீரர் யூரி ஸ்தெபானொவ் உயரம் பாய்தலில் 2.16 மீற்றர் தாண்டி உலக சாதனை படைத்தார். அவர் உந்தியெழும் காலில் அணிந்திருந்த சப்பாத்தின் அடி, வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருந்தது. மேனாடுகளில் பெருங்கூச்சல் எழுந்தது. அவருடைய சாதனை ஏற்றுக்கொள்ளப்பட்டதாயினும், பாய்ச்சற் சப்பாத்தின் அடி 13 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாதென்ற விதி விரைவிலேயே வந்தது. அடுத்த ஆண்டில், 1958இல், டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றவர் நம் பெரியவிளானிற் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் ஆவார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை பெற்ற முதற் தங்கம் அது. 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக்கில் பங்குபற்றிய அப்பெருமகன் 2024இல் மறைந்தார். தடித்த அடிச் சப்பாத்தைப் பற்றி உலகம் வாதிட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், யாழ்ப்பாணத்தான் ஒருவன் தன் கால்வலியைக் காட்டிக் கோலைத் தாண்டினான் என்று எண்ணும்போது நமக்குச் சிறிது பெருமிதம் தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

‘அப்படியானால் வெறுங்காலே போதும்’ என்று முடிவு கட்டிவிடவும் ஆகாது. எதியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் மரதன் ஓடித் தங்கம் வென்றார் என்பதை யாவரும் சொல்வர். அதே பிகிலா 1964இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடி, முன்னையிலும் மூன்று நிமிடம் விரைவாக முடித்து, மீண்டும் தங்கம் வென்றார் என்பதைச் சொல்வோர் சிலரே. இந்தியாவின் சிவ்நாத் சிங் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஓடியவர் என அறியப்பட்டவர். 1978இல் ஜலந்தரில் அவர் நிலைநாட்டிய 2 மணி 12 நிமிடச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியரால் முறியடிக்கப்படவில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை பாதயாத்திரை செல்லும் நம் அடியார் பலர் காலில் எதனையும் அணிவதில்லை. பழகிய கால் எதனையும் தாங்கும். பழகாத காலுக்கு எந்தச் சப்பாத்தும் முழுக்காப்பு ஆகாது. நம் பிள்ளைகளோ இரண்டிற்கும் நடுவே நிற்கின்றனர்: வீட்டில் வெறுங்கால், ஒழுங்கையில் இறப்பர்ச் செருப்பு, பாடசாலையில் சப்பாத்து.

வெறுங்கால் நடை நம் பிள்ளைகளுக்கு ஒரு சொத்தும் அளித்திருக்கிறது. இந்தியாவில் 2,300 சிறுவரின் பாதங்களை ஆராய்ந்து ராவ், ஜோசப் என்னும் மருத்துவர் இருவர் 1992இல் வெளியிட்ட கட்டுரையில், காலணி அணிந்து வளர்ந்தோரில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாது வளர்ந்தோரில் நூற்றுக்கு 2.8 பேருக்கும் தட்டைப்பாதம் காணப்பட்டதெனக் கூறினர். வெறுங்காலோடு வளர்ந்த பாதம் முன்புறத்தில் விரிந்தும் இருக்கும். ஆகவே ஒடுங்கிய மேனாட்டு அச்சில் வார்த்த சப்பாத்து நம் பிள்ளைகளின் சிறுவிரலைக் கடிப்பதில் வியப்பில்லை. வேகச் சப்பாத்துகளிற் பல இன்னும் ஒடுங்கியவை என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, பையனுக்கு உண்மையில் என்ன பயன்? கொலராடோ ஆராய்ச்சியிற் புதிய போட்டிச் சப்பாத்து ஓட்டத்திற்குச் செலவாகும் சக்தியைச் சராசரி நூற்றுக்கு நான்கு பங்கு குறைத்தது. ஆனால் அதிற் பங்குபற்றியோர் மணிக்கு 14 முதல் 18 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய வல்லுநர். நம் பையன் ஐந்து கிலோமீற்றரை 25 நிமிடத்தில் ஓடுபவன். அஃதாவது மணிக்கு 12 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஓடுவோரை வைத்து 2023இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் இலாபம் நூற்றுக்கு 1.4 பங்காகவும், மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் 0.9 பங்காகவும் சுருங்கிவிட்டது. கணக்கிட்டுப் பார்த்தால், நம் பையனுக்கு 25 நிமிடத்தில் இருபது விநாடிக்கு மேல் மிச்சமாகாது. அதுவும் மூன்றாம் வகையாகிய போட்டிச் சப்பாத்துக்குரிய கணக்கு. வேகப் பயிற்சிச் சப்பாத்தில் அதனினும் குறையும் என்றே கொள்ளல் வேண்டும். ஒரு பருவம் ஒழுங்காக ஓடிப் பழகினால் இரண்டு மூன்று நிமிடம் குறைவது பிள்ளைகளிடத்திற் புதுமையன்று. இருபது விநாடியைக் காசு கொடுத்து வாங்குவதா, இரண்டு நிமிடத்தைக் காலையில் எழுந்து உழைத்துப் பெறுவதா?

இருபது விநாடி அற்பமன்று என்று கூறும் மாணவரும் உளர். மாகாணப் போட்டியில் முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் இடையே இருபது விநாடி இருக்கக் கூடும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சராசரியும் எல்லோருக்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. கென்ய உலகத் தர வீரர் எழுவரையும் ஐரோப்பியப் பயில்வோர் எழுவரையும் ஓடவிட்டுச் செய்த ஆராய்ச்சியொன்றும் 2023இல் வெளிவந்தது. புதிய சப்பாத்தால் கென்யர் ஒருவருக்கு நூற்றுக்குப் பதினொரு பங்கு இலாபம். மற்றொருவருக்கோ ஏறத்தாழ அதேயளவு நட்டம்! எனவே நண்பனுக்குச் சிறகாக அமைந்த சப்பாத்து நமக்குச் சுமையாகவும் அமையலாம். வாங்கி அணிந்து பார்த்தாலன்றித் தெரியாது. ரொறன்ரோவிலிருந்து வரும் பொதியை அணிந்து பார்த்துவிட்டுத் திருப்பியனுப்ப இயலுமா?

அடுத்தது எலும்பு பற்றிய கவலை. தகடு பொதிந்த சப்பாத்து பாதத்தின் வேலையை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு மாற்றுகிறது. அத்தகைய சப்பாத்தோடு ஓடி, பாதத்தின் நடுவிலுள்ள படகுரு எலும்பு நைந்துபோன ஓட்டக்காரர் ஐவரின் வரலாற்றை மருத்துவர் குழுவொன்று 2023இல் வெளியிட்டது. ஐவரைக் கொண்டு தீர்ப்புக் கூறல் தகாது. எனினும் வளரும் வயதில், எலும்பு முதிராத காலில், திடீரென அதனை மாட்டி நாள்தோறும் ஓடவிடுவதற்கு நம் மனம் ஒப்பவில்லை. மெல்ல மெல்லப் பழக வேண்டும் என்பதே அம்மருத்துவரின் அறிவுரையும் ஆகும்.

இவ்வளவும் பொதுவான செய்திகள். நம் நிலத்தைப் பார்ப்போம். வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கை ஒரு விதம். மழைக்குப் பின் அது வழுக்கும். தீவுப்பகுதியிலும் வடமராட்சிக் கரையிலும் மணலும் முருகைக்கல்லும் மாறி மாறி வரும். பிரதான வீதிகளில் தார் நன்று. ஆனால் காலை எட்டு மணிக்கே சுடத் தொடங்கும். கரையில் சரிவும், சரளைக்கல்லும், நெருஞ்சி முள்ளும். வல்லைவெளியிற் காற்று அள்ளிக்கொண்டு போகும். இத்தகைய இடங்களில் உயர்ந்து மெதுமெதுத்த அடி தள்ளாடும், கணுக்கால் பிரளும். மேனாட்டு நகரத்து மட்டமான வீதிக்கென்று வார்த்த அடியில், எடையைக் குறைப்பதற்காக இறப்பரையும் மெல்லியதாக இட்டிருப்பர். சில வகைகளில் நுரையே நிலத்தைத் தொடும். நம் சரளைக்கல் அதனைச் சில வாரங்களிற் செதுக்கிவிடும்.

மேலும் ஒன்று. பல பாடசாலைகளில் இல்ல மெய்வன்மைப் போட்டி புல்தரையில் நடைபெறுவது. அதற்கு வீதியோட்டச் சப்பாத்து எவ்வகையினதாயினும் பொருந்தாது. ஆணிச் சப்பாத்தோ, பழகிய வெறுங்காலோதான் பொருந்தும். சர்வதேச விதிப்படி நடக்கும் ஓடுபாதைப் போட்டியிலோ 2024 நவம்பர் முதல் ஓட்டங்கள் அனைத்துக்கும் அடித்தடிப்பு 20 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. தடித்த வேகச் சப்பாத்தை வரவழைத்துவிட்டு, ஓடுபாதையில் அணிய இயலாதென்று அறிந்து மனமுடைவதிலும் முன்னரே அறிந்துகொள்ளல் நன்று. அது பயன்படுவது மரதன் ஓட்டத்திற்கும் வீதிப் பயிற்சிக்குமே.

காசுக் கணக்கையும் ஒளிக்காமற் பேசுவோம். அமெரிக்காவில் நல்ல தினச் சப்பாத்து ஏறத்தாழ 140 டொலருக்கும் வேகப் பயிற்சிச் சப்பாத்து ஏறத்தாழ 180 டொலருக்கும் விற்கப்படுகின்றன. டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் முன்னது 42,000 ரூபா, பின்னது 54,000 ரூபா. விலை வேறுபாடு பன்னிரண்டாயிரந்தானே என்று தோன்றும். ஆனால் சப்பாத்தை விலையால் அளத்தல் தவறு. ஓடிய தூரத்தால் அளத்தல் வேண்டும். தினச் சப்பாத்து 500 முதல் 800 கிலோமீற்றர் வரை உழைக்கும் என்பது ஓட்டக்காரரிடையே வழங்கும் பொதுக் கணக்கு. நடுவாக 700 என்போம். வேகச் சப்பாத்து நம் வீதிகளில் 450 கிலோமீற்றர் தாங்கினால் நல்லது. முன்னதில் கிலோமீற்றருக்கு 60 ரூபா. பின்னதில் 120 ரூபா. வாரத்துக்கு 30 கிலோமீற்றர் ஓடும் பையனுக்கு முன்னது ஐந்து மாதத்துக்கு மேல் வரும். பின்னது மூன்றரை மாதத்தில் முடிந்துவிடும். பதினைந்து வயதுக் கால் அதற்குள் வளர்ந்துவிடவும் கூடும். ரொறன்ரோ மாமாவுக்கு அது பெரிய தொகையன்று என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். பனிக்காலத்தில் இரவு வேலை செய்து சேர்த்த காசென்பது நமக்குத் தெரிவதில்லை.

மலிவென்று கருதிப் போலிச் சரக்கை நாடுவோருக்கு நம் சொந்த அநுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், பெரிய நிறுவனத்தின் முத்திரை பொறித்த சப்பாத்தொன்றைக் கால் விலைக்கு வாங்கி, நடைப்பயிற்சிக்கு அணிந்தோம். மாரி மழையில் வல்லைப் பாலத்தடியில் ஒரு நாள் வலக்காலின் அடி முழுவதும் கழன்று வெள்ளத்தில் மிதந்தது. மேற்பகுதி மட்டும் காலோடு இருந்தது. ஒரு காலிற் சப்பாத்தும் மறு காலிற் துணியுமாக நாம் வீடு திரும்பியதைக் கண்ட நெல்லியடி அன்பர் இன்னும் அதனை மறக்கவில்லை.

வேகச் சப்பாத்தே வேண்டாமென்று நாம் கூறுவதாக யாரும் கொள்ளலாகாது. அதற்கும் காலமுண்டு. வாரத்தில் நான்கைந்து நாள் ஓடி, அதில் ஒரு நாளோ இரு நாளோ பயிற்றுநரின் மேற்பார்வையில் விரைவோட்டம் பழகுபவனுக்கு, ஏற்கெனவே நல்ல தினச் சப்பாத்து ஒன்று இருக்குமாயின், இரண்டாவதாக அதனை வாங்குவது தக்கதே. இலேசான சப்பாத்தைக் காலில் இட்டதும் நடையே மாறுவதை உணரலாம். அந்த உற்சாகத்துக்கும் ஒரு பெறுமதி உண்டு. சப்பாத்தின் எடை 100 கிராம் கூடினால் ஓட்டச் செலவு நூற்றுக்கு ஒரு பங்கு கூடும் என்பது பலமுறை அளந்தறிந்த உண்மை. லக்சம்பேர்க் நாட்டில் 264 ஓட்டக்காரரை 22 வாரம் தொடர்ந்து கவனித்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட சப்பாத்துகளை மாற்றி மாற்றி அணிந்தோருக்கு உபாதை ஏற்படும் வாய்ப்பு 39 வீதம் குறைந்திருந்தது. ஆகவே இரண்டும் இருப்பது நல்லதே. ஒன்றுதான் கிடைக்குமென்றால் எது என்பதன்றோ கேள்வி?

அதற்கு ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் சைலர் தெரிவித்த ஓர் உண்மையே நமக்கு வழிகாட்டியது. உலகத் தர வீரர்கூடத் தம் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கை மெதுவாகவே ஓடுகின்றனர். வேகத்தின் வேர் மெதுவோட்டத்தில் இருக்கிறது. ஐந்தில் நான்கு பங்குக்கு உதவும் சப்பாத்தை விட்டு, ஒரு பங்குக்கு உதவுவதை முதலில் வாங்குவது, அடுப்பில்லாத வீட்டுக்கு இடியப்ப உரல் வாங்குவதை ஒக்கும்.

மூன்றாம் நாட் காலையில் பையன் வந்தான். இவற்றையெல்லாம் அவனுக்கு விரித்துரைக்கவில்லை. கிலோமீற்றர்க் கணக்கை மட்டும் கொப்பித் தாளில் எழுதிக் காட்டினோம். முகம் சிறிது வாடிற்று. நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப மரதனுக்கு, ஐயா?” என்றான்.

“மரதனுக்கும் அதுவேதான், தம்பி. நல்லாய்ப் பழகின சப்பாத்தோடு ஓடு. புதுச் சப்பாத்தைப் போட்டிக்கு முதல் நாள் போடாதை. குறைந்தது மூன்று நாலு முறை ஓடிப் பார்த்துப் போடு.”

பாதத்தை அளக்க வேண்டுமென்றோம். காலையிற் பாதம் சுருங்கியிருக்கும். வெயிலிலும் ஓட்டத்திலும் வீங்கும். ஆதலால் மாலையில், ஓடி முடித்த பின், தாளின் மேல் நின்று இரு பாதத்தையும் பென்சிலால் வரைந்து, பெரிய பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் குறித்தான். நெடுவிரலுக்கு முன்னால் பெருவிரல் அகலத்துக்கு இடம் விடுமாறும், அகன்ற அச்சில் தினச் சப்பாத்து வாங்குமாறும் மாமாவுக்குச் செய்தி எழுதினான். கல்கரி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நிக் என்பார் 2015இல் எழுதிய ஒரு கருத்தையும் நாம் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம். காலுக்குச் சுகமாக இருப்பதைத் தெரிந்து அணிவதே உபாதையினின்று காக்கும் வழி என்பது அது. மாமாவின் கால் அளவும் பையனுடையதும் ஒன்றாக இருந்தது நல்வாய்ப்பு. கடையில் அவரே அணிந்து நடந்து பார்த்து வாங்கலாமல்லவா?

இரவே விடை வந்துவிட்டது. தினச் சப்பாத்து வருகிறதாம். வேகச் சப்பாத்து, ஐந்து கிலோமீற்றரை 22 நிமிடத்தில் ஓடிக் காட்டினால், அடுத்த தைக்காம். பையன் அன்றே நாட்காட்டியில் எண்ணத் தொடங்கிவிட்டான்.

அம்மம்மா பழைய சப்பாத்தை எறிய விடவில்லை. கழுவி, வெயிலிற் காயவைத்து, வேலியடியில் வைத்திருக்கிறார். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறப் போகும்போது நெருஞ்சி குத்தாமலிருக்க உதவுமாம்.